எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போகும் ரயில்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே சேதி சொல்லிவிடுகிறது, வீடு சுகம், கொல்லையில் இருக்கும் எலுமிச்சை மரம் ரொம்பவே சுகம், அது காய்த்துக் கிடப்பதைப் பார்த்தால் கண் பட்டுவிடும் போலிருக்கிறது. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இதற்கு அடுத்த வரியில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுத வேண்டும் அல்லவா, அந்த இடத்தில் ஒரு வருஷமாக நான் உனக்குப் பொய்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுதால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், உனக்கே தெரியும். அதனால்தான் காகிதம். ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் படி, பாதியில் போனைக் கையில் எடுக்காதே.

நாலு வாரத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முடியை வெட்டிக்கொண்டு வீடியோவில் வந்தாய். இடுப்பு வரைக்கும் இருந்த முடி காதோடு நின்றுவிட்டது. திரையில் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, முடிக்காக இல்லை, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்ததால். நீ வாயைத் திறக்காமல், அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாய். அவள் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சொல்வதைத்தான் அன்றைக்கும் சொன்னாள், முடியை விரிச்சுப் போட்டுட்டு அலையாதே, ஒழுங்காப் பின்னிப் போட்டுக்கோ என்று. உன் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். சரிம்மா, கிண்டல் பண்ணணும்னா நல்லாப் பண்ணிக்கோங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது, உன்னிடமிருந்து போன் இல்லை. எனக்கு மட்டும் ஒரு சேதி அனுப்பினாய், ஆசை ஆசையாப் புது வீட்டுப் படம் பன்னிரண்டு அனுப்பினேன், அதுக்கும் ஒரு வார்த்தை இல்லை, இப்ப இது வேற, அம்மாவுக்கு என் மேல அப்படி என்ன கோபம்ப்பா என்று. அவளுக்குக் கோபமும் இல்லை, அவள் உன்னைக் கிண்டலும் செய்யவில்லை கண்ணு. நீ முடி வெட்டியதை அவள் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

ஒரே நாளில் போய்விடவில்லை. போன வருஷம் ஒரு காலையில் காப்பி டம்ளரை மேஜைக்கு அரை விரல் தள்ளி வெறும் காற்றில் வைத்தாள், அது விழுந்து உடைந்ததும் மேஜையை யார் நகர்த்தியது என்று என்னைத்தான் திட்டினாள். அப்புறம் கதவு நிலையில் தோள் இடிப்பது, துணி மடிக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கம் மாறுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி நரம்பு வாடிப்போய்விட்டது, போன பார்வை திரும்பி வராது, சொட்டு மருந்து போட்டு இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இருக்கிற கொஞ்சம் என்றால் வெளிச்சமும் நிழலும்தான். ஜன்னல் எங்கே என்று தெரியும், ஜன்னல் பக்கத்தில் நிற்பது நானா அலமாரியா என்று தெரியாது. நீ அப்போதுதான் அந்தப் பெரிய வேலையில் சேர்ந்திருந்தாய். திரும்பி வரும் வழியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சத்தியம் வாங்கினாள், வாண்டுகிட்ட மூச்சு விடக்கூடாது, விட்டீங்கன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, அப்புறம் நான் உங்களோட பேசமாட்டேன் என்று. குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். நீ அனுப்பும் படங்களை நான் பக்கத்தில் நின்று காதில் ஓதுவேன், பச்சைத் திரை, வெள்ளை நாற்காலி என்று, அவள் அதையே உனக்குத் திருப்பிச் சொல்வாள். அந்தப் பன்னிரண்டு படமும் வந்த அன்றைக்கு நான் கொல்லையில் சிமெண்டும் கையுமாக இருந்துவிட்டேன், ஓத ஆளில்லை. உண்மை அவ்வளவுதான். தப்பு முழுக்க என்னுடையது.

அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசராக ஒரு ஷெட்டையே கட்டி மேய்த்தவள். அவள் நடந்து வந்தால் மெஷின்கூட ஒழுங்காக ஓடும் என்று அங்கே சொல்வார்கள். அப்படிப்பட்டவள் பின் அறைக் கட்டிலில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வா என்றால் எதுக்கு, யாரையாவது இடிக்கவா என்பாள். வாசலுக்கு வருவதில்லை, கொல்லைக்கு வருவதில்லை, சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்வாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை வாண்டு. நாற்பது வருஷம் ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட் செய்துகொடுத்தவன், அளவு எடுத்து அச்சு எடுத்து எதையும் பொருத்திவிடலாம் என்று நினைப்பு, இதைப் பொருத்த முடியவில்லை. மனசுவிட்டுச் சொல்கிறேன், நான் அந்த அறையிலிருந்து தப்பித்து ஓடத்தான் கொல்லைக்குப் போனேன். ரயில் விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது.

உனக்குப் போனில் பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறேன், முழுக் கதை இதுதான். ஒரு பொம்மைக் கடையை மூடும்போது பேட்டரியில் ஓடும் இன்ஜின் ஒன்றும் வெளியில் போடுகிற தண்டவாளம் ஒரு கட்டும் கிடைத்தன. இன்ஜின் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, நல்ல கனம். வாங்கினது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் என் கையால் செய்தது. பக்கத்து வீட்டுத் தச்சர் கொடுத்த பிளைவுட் துண்டில் நாலு பெட்டி, தீர்ந்த பேனா ரீஃபிலில் விளக்குக் கம்பம், ஐஸ் குச்சியில் கைகாட்டி, அம்மாவின் மாத்திரை அட்டையில் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கத்தரித்து ஜன்னல் கண்ணாடி. ஸ்டேஷனுக்குக் கல் சுவர் வேண்டும் என்று மெழுகில் ஒரு சுவரை மட்டும் செதுக்கி, ரப்பரில் அச்சு எடுத்து, பல்லுக்கு ஊற்றுகிற அதே பிளாஸ்டரை ஊற்றி நாலு சுவர் எடுத்தேன். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும், அவ்வளவு அழகு. ஒரே ஒரு மழை, முழு ஸ்டேஷனும் கரைந்து மாவாக மண்ணைக் கவ்வியது. ஆயுசு முழுக்க அந்த பிளாஸ்டரைத் தண்ணீரில் கலக்கியவனுக்கு அது தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை பார். தச்சர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏங்க, ஸ்டேஷன் எந்த ரயிலைப் பிடிச்சுப் போச்சு என்று கேட்டார். அப்புறம் சிமெண்டில் வார்த்தேன். கூரை ஓட்டுக்கு என்னிடம் மிச்சமிருந்தது ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்தான், அதையே ஊற்றி முந்நூறு ஓடு எடுத்து ஒட்டினேன். நம் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தால் யாரோ வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அளவுக்கு ஒரு கோல் வேண்டுமே. இந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன், ஒரு விரல் உயரம் வந்தது. என் விரல் தடிமன், சரிப்படாது. கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் சுட்டுவிரலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக அந்த அளவு. அன்றிலிருந்து எங்கள் பொம்மை ஊரில் அம்மாவின் சுட்டுவிரல்தான் ஒரு ஆள். கதவு என்றால் ஒன்றேகால் விரல், ஜன்னல் முக்கால் விரல், பெஞ்சு கால் விரல். தினமும் போய் விரலை நீட்டு என்பேன், என்னங்க மோதிரமா போடப்போறீங்க என்று சலித்துக்கொண்டே நீட்டுவாள். இதெல்லாம் ஏழு மாசம். சுவரில் ஈரக் கறை வைத்தேன், பெயர்ப் பலகையில் மயிரிழைத் தூரிகையால் எழுதினேன், தபால் பெட்டிக்குச் சிவப்பிலேயே மூன்று விதச் சிவப்பு. யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசித்தேனா? இல்லை.

எல்லாம் முடிந்ததும் அம்மாவை வாயேன் வாயேன் என்று கெஞ்சிக் கூத்தாடிக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்து வந்தேன். ரயிலை ஓடவிட்டேன். ஓடவிட்டு நான் பேச ஆரம்பித்தேன் பார், இதோ சிவப்புத் தபால் பெட்டி, இதோ நீல நாற்காலி, இந்தச் சுவரில் பாசி படிந்த மாதிரி பச்சை அடித்திருக்கிறேன் என்று வாய் ஓயவில்லை. அவள் முன்னால் குனிந்தாள். கையை நீட்டினாள், கை கைகாட்டியில் பட்டு அது மளுக்கென்று ஒடிந்தது. இதையெல்லாம் யாருக்குங்க காட்டுறீங்க என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. சுவரைத் தடவிக்கொண்டு அவளாகவே உள்ளே போய்விட்டாள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து என்னையே நொந்துகொண்டேன். அழுதேன் என்று எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் அழுதேன். ரயிலை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பின் அறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது, மில் குரல், ஏங்க, மூணாவது பெட்டியில ஒரு சக்கரம் சரியில்லை, கொஞ்சம் பாருங்க என்று.

நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியில் பின்சக்கரத்தில் கடுகளவு பசை உலர்ந்து ஒட்டியிருந்தது. இவ்வளவு கிட்டே இருந்த எனக்குக் கேட்கவில்லை, அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது. ஷெட்டில் நூல் சுற்றும் கதிர் முந்நூறு ஒன்றாகச் சுழலும்போது எது மக்கர் செய்கிறது என்று வாசலிலேயே நின்று சொன்னவள் அல்லவா. பசையைச் சுரண்டிவிட்டு ஓடவிட்டேன். ம், இப்ப சரி என்றது ஜன்னல். அவ்வளவுதான், என் மண்டையில் அப்போதுதான் விளக்கெரிந்தது.

மறுநாளே தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். சத்தம் சேர்க்க ஆரம்பித்தேன் வாண்டு. ரயில் ஒரு இடத்தில் மரப் பாலத்தின் மேல் போகும், தச்சர் கொடுத்த தேக்குத் துண்டுகளைக் கீழே வெற்றிடம் விட்டு அடுக்கினேன், டொக் டொக்கென்று வயசான ஆள் நடக்கிற மாதிரி கேட்கும். அடுத்தது தகரப் பாலம், பிஸ்கட் டின்னைப் பிரித்துச் செய்தது, அதில் ஏறினால் ஊருக்கே தெரியும். அப்புறம் மண்குழாயில் ஒரு சுரங்கம், அதற்குள் போனதும் சத்தம் குண்டாகிவிடும், வெளியே வந்ததும் ஒல்லியாகும். தண்டவாளம் சேரும் இடங்களில் ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் தள்ளித்தள்ளியும் துண்டு போட்டேன், அதனால் ரயில் ஓடுகிற ஓட்டமே மாறி மாறிக் கேட்கும். சூப்பர்வைசர் அம்மா முதலில் ஜன்னலிலிருந்து உத்தரவு போட்டாள், தகரம் ரொம்பக் கத்துது, கீழ கொஞ்சம் மணல் கொட்டுங்க என்று. அப்புறம் ஒரு சாயங்காலம் அவளாகவே வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், பார்த்து ஏதாவது சொன்னால் எழுந்து போய்விடுவாளே.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. வெயில் தாழும் நேரம் இரண்டு பேரும் படியில் உட்காருவோம், ரயில் போகும், அவள் கண்ணை மூடிக்கொண்டு தன்பாட்டில் சொல்லுவாள். மரப் பாலத்தில் ஒரு டீச்சர் இறங்குறாங்க, குடையை ரயில்லேயே மறந்துட்டாங்க என்பாள். சுரங்கத்துக்குப் பக்கத்துல ஒரு கிணறு இருக்கு, சத்தம் கீழ இறங்கிப் போகுது பாருங்க என்பாள். நான் அங்கே கிணறு எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து கிணறு செய்வேன், வேறு என்ன வழி, அவளுக்குக் கேட்டுவிட்டதே. தகரப் பாலத்தின் அடியில் ஒரு வெளிச்சம் போட்ட கடை என்றாள், அதையும் செய்தேன், பீங்கான் சில்லில் தராசு வைத்து. நான் கட்டினது பதினைந்து கட்டிடம்தான், அவள் சொல்லும் ஊரில் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு ஸ்கூல், சதா சண்டை போடுகிற ஒரு தெரு எல்லாம் இருக்கிறது. சில நாள் நான் கட்டியது எது, அவள் சொன்னது எது என்று எனக்கே குழம்பிவிடுகிறது. நான் செய்து வைத்த ஸ்டேஷனுக்குள் அவள் இரண்டு விரலை நடக்கவிட்டுக் கதவு வழியே நுழைவாள், பெஞ்சில் விரலை மடக்கி உட்காருவாள். இடிக்காது. எல்லாம் அவள் விரல் அளவு அல்லவா. ஒரு வருஷமாக எங்கே போனாலும் இடித்துக்கொண்டவள் அந்த ஒரு இடத்தில்தான் இடிக்காமல் நடக்கிறாள்.

எலுமிச்சை மரத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். ரயில் சுற்றிக்கொண்டு போய் அந்த மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் மறையும். அங்கே மண் இளக்கம் என்பதால் பழைய ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டு அதன் மேல் தண்டவாளம் வைத்திருந்தேன். முன்னால் தொட்டி வேறு, படியில் உட்கார்ந்தால் அந்தத் துண்டு முழுக்க ஒரு சத்தமும் வராது. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஒன்பது எண்ணும் வரை ரயிலே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் சரளை போட்ட கல்லடியில் மெல்ல வரும். எனக்கு அது பெரிய குறையாகப்பட்டது. ஒரு நாள் அவள் தூங்கும்போது ரப்பரைப் பிடுங்கிவிட்டுத் தகரம் அடித்து வைத்தேன், சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், சாயங்காலம் முதல் சுற்றிலேயே அவள் முகம் மாறிவிட்டது. அங்க ஏன் கை வெச்சீங்க, யாரைக் கேட்டு வெச்சீங்க, அது வாண்டு ஊருங்க என்றாள். அழுதுவிட்டாள். ரயில் அங்க போனா நமக்கு ஒண்ணும் கேக்காது, ஆனா அது ஓடிட்டுதான் இருக்கும், ஒன்பது எண்ணினா வந்துடும், நான் அதுக்குத்தானே தினமும் இங்க வந்து உக்காந்திருக்கேன் என்றாள். அன்றைக்கு இருட்டுவதற்குள் தகரத்தைக் கழற்றி ரப்பரைப் பழையபடி போட்டுவிட்டேன்.

நீ போன் செய்யாத மூன்று ஞாயிறும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேலை ஜாஸ்தி இருக்கும் என்பாள். போனை மடியில் வைத்துக்கொண்டு ரயிலைக் கேட்பாள், எலுமிச்சை மரம் வந்ததும் உதடு அசையும். நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும், சத்தியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், பேசியிருக்க வேண்டும். நேற்று முன்தினம் காலையில் ரயிலை ஓடவிட்டு, அம்மாவைப் படியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு துண்டுப் பலகைக்காகத் தச்சர் வீட்டுக்குப் போனேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் படியில் அவள் இல்லை. அறையில் இல்லை. கொல்லைக்கு ஓடினால், எலுமிச்சை மரத்தடியில் ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள், புடவையெல்லாம் சேறு, கையில் இன்ஜின். படியிலிருந்து அங்கே இருபத்திரண்டு அடி, ஒரு வருஷத்தில் அவள் படியைத் தாண்டித் தனியாக வைத்த முதல் இருபத்திரண்டு அடி. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான் கத்தினேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒன்பது எண்ணினேன் வரலை, பதினைஞ்சு எண்ணினேன் வரலை, உக்காந்த இடத்துலேயே எண்ணிக்கிட்டு இருந்தா வந்துடுமா, எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமா என்றாள். மரத்திலிருந்து ஒரு பழம் தண்டவாளத்தில் விழுந்து, அதில் மோதி இன்ஜின் கவிழ்ந்திருக்கிறது. பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் உதவக் கையைக் கொண்டுபோனதும் தள்ளுங்க என்றாள். சக்கரம் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுத் தண்டவாளத்தில் உட்காரவைத்தாள், மூன்று தடவை நழுவிற்று, எனக்குக் கை துறுதுறுக்கிறது, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது தடவை உட்கார்ந்துகொண்டது. பெட்டிகளை மாட்டினாள். அது கிளம்பிப் போனதும் கல்லடியில் சத்தம் வருகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு, வாண்டு எதுக்குங்க பேசலை, உங்களுக்குத் தெரியும்ல என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். நீ முடி வெட்டினது, அவள் பின்னச் சொன்னது, நீ அதைக் கிண்டல் என்று நினைத்தது, எல்லாம். சேற்றிலேயே உட்கார்ந்து கேட்டாள். அய்யோ, புள்ள எவ்வளவு ஆசையா வந்து காட்டியிருப்பா, நான் பாவி என்ன சொல்லியிருக்கேன் என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம், காது வரைக்குமா கழுத்து வரைக்குமா என்றாள். காது வரைக்கும் என்றேன். ஸ்டேஷனில் நீ ஒருத்தி பொம்மையாக நிற்கிறாய், மெழுகில் செய்து அக்ரிலிக்கில் வார்த்தது, நீளப் பின்னலோடு. எடுத்துட்டு வாங்க என்றாள். கொடுத்ததும் பின்னலைத் தடவிப் பார்த்து நகத்தால் நெம்பி ஒடித்துவிட்டு, உன்னை அந்த எலுமிச்சை மரத்தடியில் ரப்பர் விரிப்பின் ஓரத்தில் நிறுத்தினாள். எல்லாத்தையும் எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க, எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுங்க என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். நேற்றும் இன்றும் அவளாகவே மரம் வரை போய் வந்தாள், கொல்லைச் சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு. நாளைக்கு வாசல் வரைக்கும் போய்ப் பார்க்கிறாளாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அதைத்தான் அவள் முதலில் எழுதச் சொன்னாள். உனக்கு லீவு கிடைக்கும்போது வா, வந்தால் அம்மாவின் கையில் தலையைக் கொடு, எவ்வளவு முடி மிச்சம் என்று அவளே பார்த்துக்கொள்வாள். இனிமேல் படம் அனுப்பாதே, வாயால் சொல். உன் வீட்டுக் கதவு எப்படிச் சத்தம் போடும், ஜன்னலைத் திறந்தால் என்ன கேட்கும், மாடிக்காரர் எத்தனை மணிக்கு நடப்பார், இதெல்லாம் அவளுக்கு வேண்டுமாம், மரத்துக்குப் பின்னால் உன் ஊரைக் கட்ட வேண்டுமே. சரியாகச் சாப்பிடு, கழுத்தைக் கவிழ்த்துக்கொண்டு வேலை பார்க்காதே. அந்த இடது கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு என்று எட்டு மாசமாகச் சொல்கிறேன், பல்செட்காரன் பெண்ணுக்கே சொத்தைப் பல் என்றால் நான் தலைகாட்ட முடியுமா. எங்களை நினைத்து அழுதால் கொஞ்சம் அழு, அதோடு விட்டுவிடு. உன் மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, இனியும் இருக்காது. எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு, நல்ல மனுஷர்களுக்கு நடுவில் நீ நன்றாக இருப்பாய் என்று அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

எழுதினதை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டேன். முதல் தடவை முழுசாகக் கேட்டாள். இரண்டாவது தடவை ஒரே ஒரு திருத்தம் சொன்னாள், ஷெட்டில் முந்நூறு கதிர் இல்லையாம், நானூற்று இருபதாம், தப்பாக எழுதி மில் மானத்தை வாங்காதீங்க என்றாள். திருத்தியதாக வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடு. அம்மாதான் எடுப்பாள். எடுத்ததும் பேச வராவிட்டால் போனைத் தண்டவாளத்துப் பக்கத்தில் வைத்துவிடுவாளாம், ரயிலை நீயும் கேள். முதலில் மரப் பாலம், அப்புறம் தகரம், அப்புறம் சுரங்கம். அதற்குப் பிறகு சத்தம் சுத்தமாக நின்றுவிடும். லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே கண்ணு. அங்கேயே இரு, ஒன்பது எண்ணு, இந்தப் பக்கம் அம்மாவும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா
(பக்கத்தில் அம்மா)